தூங்கப் போட்ட கேஸ்

ஆகஸ்ட் 4, திங்கள்

குடிமையியல் மிஸ் இன்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். நம் மாநிலத்தில் எந்தப் பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அதைச் சாதாரண ஆள் எப்படித் தேடி எடுப்பது - இந்தப் பருவத்துக்கு அதுதான் செய்முறைப் பாடம். நிலம், பிறப்பு இறப்பு, கம்பெனி, கைது, நீதிமன்றம். எனக்கு நீதிமன்றம் விழுந்தது. பக்கத்து பெஞ்சுக்காரிக்குக் கைது.

"என் ராசியப் பாருடி. எங்க வீட்டுல பாதிப் பேரு உள்ள போயிட்டு வந்தவங்கதான்" என்றாள். சுத்தப் பொய். அவள் வீட்டில் எல்லாரும் வங்கியில் வேலை பார்க்கிறவர்கள்.

"பொதுப் பதிவுன்னா என்ன?" என்று மிஸ் கேட்டார். வழக்கம்போல் நான் கை தூக்கினேன். வழக்கம்போல் பின்வரிசையிலிருந்து ஒரு 'உச்'.

"யார் வேணும்னாலும் கேட்டுப் பார்க்கலாம், மிஸ்."

"ரொம்பச் சரி. ஒளிச்சு வைக்க அரசாங்கத்துக்கும் உரிமை இல்ல, உனக்கும் இல்ல."

நல்ல வாக்கியம். அடிக்கோடு போட்டு எழுதிவைத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நூலகக் கணினியில் நீதிமன்றத்தின் தளத்தைத் திறந்து பார்த்தோம். வழக்கு எண்ணைப் போட்டும் தேடலாம், ஆள் பெயரைப் போட்டும் தேடலாம். எண் எங்களுக்கு எங்கே தெரியும்? முதலில் மிஸ்ஸின் பெயரை அடித்தோம். வந்தது! மிஸ் தான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர்மேல் கேஸ் போட்டிருக்கிறார், தண்ணீர்க் குழாய் விஷயமாக. தீர்ப்பு மிஸ்ஸுக்குச் சாதகம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு விக்கல் வந்துவிட்டது.

அப்புறம் என் பெயர். இல்லை. அம்மா பெயர். இல்லை. சும்மா, தேடுகிற முறை கைக்குப் பழகட்டும் என்றுதான், அப்பா பெயரை அடித்தேன்.

ஒன்று வந்தது.

அதே பெயர், அதே தாத்தா பெயர், நாங்கள் முன்பு குடியிருந்த அதே தெரு. வழக்கு நிலை: நிலுவை. கடைசி உத்தரவு: எதிரி தலைமறைவு, பிடியாணை நிறைவேறவில்லை. (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் 'எதிரி' என்றுதான் எழுதுகிறார்கள்.)

அந்த உத்தரவு போட்ட தேதியில் எனக்கு மூன்று வயது.

அப்பா இறந்தது எனக்கு ஒரு வயதில். காய்ச்சலில். அம்மா அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து பெஞ்சுக்காரி எட்டிப் பார்ப்பதற்குள் மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சாயந்தரம் கடைக்குப் போனேன். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்; சட்டத்தில் வில்லையைப் பொருத்தித் திருகாணி முடுக்குவது அவள் வேலை. எள்ளளவு திருகாணிகள். அவள் வேலை செய்யும்போது மூச்சுவிடவே பயமாக இருக்கும்.

"அம்மா, அப்பா என்ன வேலை பார்த்தாரு?"

"தெரியாத மாதிரி கேக்குற. லாரி ஓட்டுனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஓட்டல."

"ஸ்கூல்ல உதவித்தொகைக்கு அப்பாவோட இறப்புச் சான்று கேக்குறாங்க."

இது பொய். வாழ்க்கையில் நான் அம்மாவிடம் யோசித்துச் சொன்ன முதல் பொய் இதுதான் என்று நினைக்கிறேன்.

"வீடு மாறுறப்ப போயிருச்சு" என்றாள். அப்பாவின் படங்களைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். அந்த வீட்டு மாற்றத்தில் எங்கள் பாத்திரம் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. அப்பா மட்டும் போயிருக்கிறார்.

அவள் கையிலிருந்து ஒரு திருகாணி தவறி விழுந்தது. இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினோம். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவள் முகத்தை நானும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கோர்ட்டுக்குப் போய்வந்தேன். மிஸ் அனுமதிச் சீட்டு கொடுத்தார், பாடத்துக்கு என்று.

பதிவறை பின்பக்கம், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. கூரைவரை கட்டுக் கட்டாகப் பைல்கள். அங்கே இருக்கும் எழுத்தர் மூக்கின்மேல் கைக்குட்டை கட்டியிருந்தார். தூசி சார் என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

"யாரைத் தேடுற பாப்பா?"

"ஒரு கேஸ் பைல் பார்க்கணும் சார். பாடத்துக்கு."

"பாடத்துக்குப் பாடப்புத்தகத்தைப் பாரு." ஆனாலும் எண்ணை வாங்கிப் பார்த்தார். "அட, இது தூங்கப் போட்ட கேஸும்மா. ஆளு கிடைக்கலன்னா எத்தனை வருஷம்தான் வாய்தா போடுறது? மூட்டை கட்டித் தூங்கப் போட்டுருவோம். ஆளு வந்தா எழுப்புவோம். அதுவரைக்கும் சம்பந்தப்பட்டவங்களத் தவிர யாருக்கும் காட்ட மாட்டோம்."

மனுத்தாளை நீட்டினார். 'எதிரிக்கு மனுதாரர் என்ன உறவு' என்று ஒரு கட்டம். நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு 'மகள்' என்று எழுதினேன். கீழே முகவரி. கதவு எண், தெரு எல்லாம், கையெழுத்துப் போட்டிக்கு எழுதுவதுபோல அழகாக.

அவர் கைக்குட்டையை இறக்கினார்.

"மகளா? அப்பா எங்கம்மா இருக்காரு?"

"இறந்துட்டாரு சார். நான் கைக்குழந்தையா இருந்தப்ப."

"இறப்புச் சான்று ஒண்ணு கொண்டாந்து வச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே! செத்தவரையா இத்தனை வருஷமா..." சிரிக்க வாயெடுத்தவர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அடுத்த புதன்கிழமை வாம்மா. மாஜிஸ்திரேட் கையெழுத்தாகணும்."

ஆகஸ்ட் 13, புதன்

இறப்புப் பதிவுகளிலும் பெயரைப் போட்டுத் தேடலாம். தேடினேன். எங்கள் ஊர், பக்கத்து ஊர்கள், மாநிலம் முழுவதும். நான் பிறந்த வருஷம், அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது.

அப்பா எங்கேயும் இறக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் என்னையே பார்த்தார். அப்பா வயதுதான் இருக்கும். என் பேருந்தை விட்டுவிட்டு நின்றேன். அவர் தன் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். நான் யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் யாரென்றுதான் எனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 18, திங்கள்

எங்கே போனாலும் லாரி ஓட்டுகிறவர்களின் முகத்தைப் பார்க்கிறேன். சிக்னலில் நின்றால் அண்ணாந்து பார்க்கிறேன். ஒருவர் "என்னம்மா வேணும்?" என்றே கேட்டுவிட்டார்.

இருக்கிறார் என்றால் ஏன் வரவில்லை? இல்லை என்றால் ஏன் எந்தத் தாளிலும் இல்லை?

ஆகஸ்ட் 20, புதன்

பார்த்துவிட்டேன்.

தூசி சார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பேனா வைத்திருக்கக் கூடாது, பென்சில் மட்டும். பைலை அவிழ்த்தபோது ஏதோ செத்த பூச்சிகள் உதிர்ந்தன.

விடியற்காலை. லாரி ஒரு சைக்கிளை இடித்திருக்கிறது. நிற்காமல் போயிருக்கிறது. சைக்கிளை ஓட்டிய பெண்ணுக்குக் கையெலும்பு முறிவு. பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி இறந்துவிட்டான். வயது பதினொன்று. அந்தப் பக்கத்தைப் படித்தேன், சீக்கிரம் திருப்பிவிட்டேன். கைதுத் தாளைத் தேடினேன். அது என் அப்பாவின் தாள்.

அப்பாவை மறுநாளே பிடித்திருக்கிறார்கள். ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். முதல் வாய்தாவுக்கே அவர் வரவில்லை.

கைதுத் தாளில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். உயரம் 166 செ.மீ. ஒல்லி. எட்டாம் வகுப்பு. வலது புருவத்தின் நடுவில் வெட்டுத் தழும்பு. இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு. கைதின்போது உடன் இருந்தவை: சீப்பு ஒன்று, சாவி ஒன்று, குழந்தைக் காலுறை ஒரு ஜோடி, புதியது.

நான் அப்போது பிறக்கவில்லை.

புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசியின் துரு மட்டும் இருந்தது. "படத்தைத் தேடப் போனவங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்க. ஆளும் வரல, படமும் வரல" என்றார் தூசி சார். பிறகு, கட்டைத் திரும்பக் கட்டியபடி: "புகார் கொடுத்த பொண்ணு வருஷா வருஷம் வரும். ஆளு சிக்குனானான்னு ஒரு கேள்வி. இல்லம்மான்னு ஒரு பதில். போயிரும்."

வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்தேன். அறைக் கதவின் நிலையில் 166-இல் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அதன் முன்னால் நின்றேன். என் கண்ணுக்கு நேரே அவருடைய மேலுதடு வரும். அவ்வளவுதான் உயரம். நான் இன்னும் பெரியவராக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா கதவைத் துடைக்கும்போது கோட்டைப் பார்த்துவிட்டாள். என்ன கோடு என்று கேட்கவில்லை. துணியோடு நின்றாள். பிறகு உள்ளங்கையை அதன்மேல் தட்டையாக வைத்து, ஒரு விரற்கடை கீழே இறக்கினாள்.

"ஷூ போட்டு அளந்திருக்காங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் துடைக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

பள்ளியிலிருந்து வந்தால் வாசலில் ஒரு ஆண் செருப்பு. அப்பாதான் என்று நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன். ஓடினேன்.

ஸ்டேஷனிலிருந்து வந்தவர், சாதாரண சட்டையில். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"வாம்மா. நீதான் மனுப் போட்ட பொண்ணா? கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. "தூங்குற கேஸ்ல யாராச்சும் மனுப் போட்டா எங்களுக்குத் தகவல் வந்துரும். புகார் கொடுத்தவங்களுக்கும் கடுதாசி போகும், இன்ன தேதியில கேஸ் எடுக்கறாங்கன்னு. அதுலயும் எதிரியோட மகளே வந்து கேக்குறா, முகவரி கொடுக்கறான்னா, ஆளு வீட்டுப் பக்கம் வந்து போறான்னுதானே நினைப்பாங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பதினாறாம் தேதி கோர்ட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

"நான் பாடத்துக்குத்தாம்மா..."

"படிச்சு நல்லா உருப்பட்ட" என்றாள்.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் அம்மா கடைக்குப் போகவில்லை. என்னையும் போக வேண்டாம் என்றாள். கட்டிலில் துவைத்த துணியைக் கொட்டி, மடிக்க ஆரம்பித்தாள். மடித்துக்கொண்டே சொன்னாள். நானும் ஒரு பக்கம் மடித்தேன். சும்மா இருந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

அப்பா ஓடிப்போய் ரொம்பத் தூரத்தில் ஒரு ஐஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், வேறு பெயரில். கல்யாணம் ஆகாதவன் என்று சொல்லியிருக்கிறார். எப்போதாவது இரவல் போனில் பேசுவார். ஒருநாள் அதே போனில் பேக்டரி வாட்ச்மேன் பேசினார், மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், சொந்தக்காரர் யாராவது வாங்க என்று.

"உன்னைத் தூக்கிக்கிட்டுப் போனேன். நர்ஸ் கேட்டா, நீ யாருன்னு. பொண்டாட்டின்னு சொன்னா எல்லாத்தையும் கிளறுவாங்க. தங்கச்சின்னு சொன்னேன். 'எங்கண்ணன்'னு சொன்னேன்டி."

என் சீருடைச் சட்டையை மடித்தாள். பிரித்தாள். திரும்ப மடித்தாள்.

"அவரு போனப்ப, தங்கச்சி எவ்வளவு அழுவாளோ அவ்வளவுதான் அழுதேன். அதுக்கு மேல அழுதா சந்தேகப்படுவாங்கல்ல."

அப்பா இறந்துவிட்டார். நான் பிறந்த மறுவருஷமே, அம்மா சொன்னபடியே, காய்ச்சலில்தான். ஒரு மாதமாக நான் தெருவில் தேடிக்கொண்டிருந்தது யாரை? இப்போது அழ வேண்டியது நேற்று இறந்தவருக்காகவா, பதினைந்து வருஷம் முன்பு இறந்தவருக்காகவா?

"ஏம்மா கோர்ட்டுல சொல்லல?"

"செத்தது வேற பேருல. அங்க தங்கச்சின்னு எழுதிக் கொடுத்தது நான். ஸ்டேஷன்ல கேட்டப்பெல்லாம் எங்க இருக்காருன்னே தெரியாதுன்னு சொன்னதும் நான். என்னைப் புடிச்சு உள்ள போட்டா உன்னை யாரு பாக்குறது? படத்தையெல்லாம் நான்தான் கொளுத்துனேன். தேடி வந்தா காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு."

செப்டம்பர் 6, சனி

அந்த ஊர். அந்த வருஷம். அந்தப் பொய்ப் பெயர். தேடு.

இருக்கிறார்.

பெயர் பொய். அப்பா பெயர் பொய். வயதுகூட இரண்டு குறைத்துச் சொல்லியிருக்கிறார். 'தகவல் தந்தவர்: தங்கை' - பொய். அதற்குப் பக்கத்தில் அம்மாவின் பெயர், அம்மாவின் கையெழுத்து. நிஜம்.

"ஏம்மா உன் பேரை மட்டும் மாத்திப் போடல?" என்று கேட்டேன்.

"கையெழுத்து அதுதானே வரும்" என்றாள், இது என்ன கேள்வி என்பதுபோல.

செப்டம்பர் 10, புதன்

சண்டை.

கையெழுத்தைக் காட்டலாம், ஆஸ்பத்திரிச் சீட்டில் தழும்புகளை எழுதியிருப்பார்கள், கைதுத் தாளோடு ஒப்பிடலாம் என்று நான் சொன்னேன். கணவனை மனைவி மறைத்து வைத்தால் நம் சட்டத்தில் அதற்குத் தண்டனை இல்லை என்று மிஸ்ஸிடம் கேட்டு வந்தேன் (யாருக்காக என்று சொல்லவில்லை). "தங்கச்சின்னு பொய் எழுதிக் கொடுத்ததுக்கு?" என்று அம்மா கேட்டாள். மிஸ்ஸிடம் அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"பதினாறாம் தேதி போறேன். தெரியாதுன்னு சொல்றேன். திரும்பத் தூங்கப் போட்டுருவாங்க. நீ வாயைத் திறக்காத."

"அப்ப அப்பா எப்பவும் தலைமறைவாவே இருக்கணுமா?"

"உயிரோட இருக்காருன்னு எழுதியிருக்குல்ல. இருந்துட்டுப் போகட்டுமே!"

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப் போனாள். அவள் இத்தனை வருஷம் கேஸை மட்டுமா மறைத்தாள்? தெரியவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

கோர்ட் நடைபாதையில் பெஞ்சு. எனக்கு இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். பேக்கரி மேலங்கியோடு வந்திருந்தார், கையில் மாவு காய்ந்திருந்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு கை உடைந்து, நூலால் கட்டியிருந்தது. காலை நேர வேலையை விட்டுவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறார். கடிதம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் படித்தார்.

"நீங்களும் அஞ்சாம் நம்பர் ஹாலா?" என்று என்னைக் கேட்டார். "எத்தனை வருஷம் தெரியுமா? இப்பதான் கடுதாசி வருது. ஆளு சிக்கிட்டான்னுதானே அர்த்தம்? சும்மா கூப்பிடுவாங்களா? காலையில பேக்கரியில ஒரு தட்டு ரொட்டியக் கருக்கிட்டேன், கை ஓடல."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

தூசி சார் வந்து வழக்கு எண்ணைக் கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக எழுந்தோம்.

அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"நீ அவன் பொண்ணா?"

"ஆமாக்கா."

ஏன் அக்கா என்று கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

"அக்கா, நொக்கா எல்லாம் வேணாம். எங்க அவன்? உள்ள இருக்கானா? எப்படி இருப்பான்? எனக்கு மூஞ்சி தெரியாது. லாரியோட பின்பக்கம் மட்டும்தான் தெரியும். அதைத்தான் இவ்வளவு வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன். மூஞ்சியப் பாக்கணும். எப்படி இருப்பான், சொல்லு."

"எனக்கும் தெரியாது" என்றேன். "நானும் பாத்ததில்ல."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், அதற்கு மேல் மடிக்க வரவில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

உள்ளே மாஜிஸ்திரேட் ஒரு பெண். தலையைத் தூக்காமலே கேட்டார்: "எதிரி எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் அம்மா வந்தாள். வழியெல்லாம் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

"தெரியும்மா" என்றாள். "செத்துட்டாரு."

எனக்குப் பின்னால் ஒரு சத்தம், மூச்சுமில்லை அழுகையுமில்லை.

"இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"

சம்பிரதாயக் கேள்விதான். எல்லாரிடமும் கேட்பார்கள். அம்மா பதில் சொல்ல முயன்றாள். குரல் வரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். மாஜிஸ்திரேட் இப்போது தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வீட்டுக்காரர்" என்றாள் அம்மா. "எம் புருஷன்."

அப்புறம் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை. ஹாலே நின்றுவிட்டது. அடுத்த கேஸ் வக்கீல் ஒருவர் தன் கட்டைக் கீழே வைத்துவிட்டார். யாரும் அம்மாவை அமைதியாக இருக்கச் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது பேக்கரி அக்கா பெஞ்சில் இருந்தார். "செத்துட்டானாம்" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "அப்ப நான் இவ்வளவு நாளா யாரைத் தேடுனேன்?"

என் கேள்வி. அதே கேள்வி.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து பழைய சீட்டு வந்துவிட்டது. புருவத் தழும்பு, முழங்கைத் தழும்பு, இரண்டும் இருக்கின்றன. அம்மாவின் கையெழுத்தை வாங்கி ஒப்பிட்டார்கள். பொய்த் தகவல் கொடுத்ததற்கு மாஜிஸ்திரேட் அம்மாவைக் கண்டித்தார், கடுமையாகத்தான். அதோடு விட்டார்.

தூசி சார் என் காதருகே, "பாஸ் பண்ணிட்ட பாப்பா" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

'எதிரி இறப்பினால் வழக்கு அற்றுப்போனது.' அவ்வளவுதான். தீர்ப்பு இல்லை. செய்தாரா இல்லையா என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

செய்முறைப் பாடத்தைக் கொடுத்தேன். மிஸ்ஸின் குழாய்க் கேஸை உதாரணமாக வைத்து எழுதினேன். மிஸ் சிவந்துபோய், "உன்னை யாரு இதைத் தேடச் சொன்னது?" என்றார். "பொதுப் பதிவு, மிஸ்" என்றேன். வகுப்பே கைதட்டியது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

கண்ணை மூடினால் லாரியின் பின்பக்கம். நான் பார்க்காதது.

நவம்பர் 8, சனி

சாயந்தரம் கடையில் அம்மாவோடு இருந்தேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கதவு திறந்தது. பேக்கரி அக்கா.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நூல் கட்டிய கை இப்போது முழுக்க விழுந்திருந்தது.

"இதுக்கு வேற கை போடுவீங்களா?"

"போடலாம்" என்றாள் அம்மா. "உக்காருங்க."

உட்கார்ந்தார். ஊரில் எத்தனையோ கண்ணாடிக் கடைகள். அம்மா விளக்கை இழுத்து, பழைய திருகாணியைக் கழற்றினாள்.

"கடைசியில ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டார் அவர். "எங்க தம்பியப் பத்தி."

சொல்லிவிடு அம்மா என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லிவிடு. ஒரு வாக்கியம்தானே, யார் சரிபார்க்கப் போகிறார்கள்? அதற்குத் தாள் எதுவும் கிடையாது.

"இல்லங்க" என்றாள் அம்மா. "ஒரு நாளும் அதைப் பத்திப் பேசுனதில்ல. போன்லயும் பேசல. அங்க போனப்பவும் பேசல."

அவர் தலையாட்டினார்.

"நினைவு தப்பினப்புறம்..." அம்மா திருகாணியைப் பிடித்தபடி நிறுத்தினாள். "கட்டிலோட கால்மாட்டுல ஒரு கம்பி இருக்கும். அதை வலது காலால அழுத்திக்கிட்டே இருந்தாரு. பலங்கொண்ட மட்டும். நர்ஸு காலை நகத்தி நகத்தி வப்பா. திரும்பவும் போய் அழுத்துவாரு. வலிப்புன்னாங்க. எனக்குத் தெரியும், அது வலிப்பில்ல. பிரேக்கு."

கடிகாரங்கூட இல்லாத கடை அது. ஆனாலும் ஏதோ நின்றுபோனதுபோல் இருந்தது.

"அப்ப அழுத்தியிருக்கலாம்ல" என்றார் பேக்கரி அக்கா.

"ஆமா" என்றாள் அம்மா.

புதுக் கையைப் பொருத்தி முடித்தாள். அவர் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். "இடது பக்கம் தூக்கி நிக்குது." அம்மா வாங்கிச் சூடு காட்டி, காதுக்குப் பின்னால் வளையும் இடத்தை மெல்ல வளைத்தாள். எழுந்து போய்த் தன் கையாலேயே அவருக்கு மாட்டிவிட்டாள். முடியை ஒதுக்கினாள்.

"இப்ப?"

"ம்."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. அம்மாவும் கையை எடுக்கவில்லை.

போகும்போது வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "தம்பிக்குக் கணக்கே வராது" என்றார். "நான் போட்டுக் கொடுத்தாத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவான். அதனாலதான் அன்னிக்கு அவ்வளவு சீக்கிரம் கிளம்புனோம், வகுப்புக்கு முன்னாடி உக்காந்து போடலாம்னு."

தம்பியின் பெயரைச் சொன்னார்.

பைலில் அந்தப் பெயர் இருந்தது. நான் படித்தும் இருந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், தாளில் அதைப் பார்த்த நொடியை நினைவில் கொண்டுவரப் பார்த்தேன். நான் அன்று படித்த நினைவே இல்லை. அவர் சொன்னதுதான் இருக்கிறது. அவர் குரலில்.